கடுமையான சட்டத்துக்குக் கடுமையான சான்று வேண்டும்

கஞ்சா ஒழியவேண்டும். அபினும் ஹெராயினும் நம் வீதிகளிலே நடமாடக் கூடாது. இதிலே இரண்டு கருத்துக்கு இடமில்லை. பகலெல்லாம் பாடுபட்டவனின் கூலியைப் பறித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மதியை மழுக்கி, தாய்மார்களின் கண்ணீரிலே தழைக்கிற வாணிபம் அது. அதை நடத்திக் கொழுக்கிறவனுக்காகப் பரிந்து பேச இந்தப் பத்தியிலே இடம் இல்லை.

ஆனால், கஞ்சா வழக்கிலே பிடிபட்ட தொழிலாளிக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கலாமா, அவனுக்காகச் சங்கம் கோர்ட்டு வாசலுக்குப் போகலாமா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். "கஞ்சா கேஸ் என்றால் எட்டிக்கூடப் பார்க்காதே, கட்சிக்குக் கெட்ட பெயர்" என்று ஒதுங்கிக் கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறான தயக்கம். ஏன் தவறு என்பதை விளக்கிச் சொல்வது நமது கடமை.

முதலிலே, பிடிபடுகிறவன் யார் என்று பார்ப்போம். ஓடிப்போனவனுக்கு ஒன்பதிலே குரு, அகப்பட்டவனுக்கு அஷ்டமத்திலே சனி என்பார்கள். இந்த வாணிபத்திலே அது அப்படியே பொருந்தும். பணம் போட்டவன் சரக்கின் பக்கத்திலே வருவதில்லை. பக்கத்திலே இருப்பவன் லாரி டிரைவர், கிளீனர், மூட்டை தூக்குகிறவன், "இந்தப் பையை அந்த ஊரிலே இறக்கிவிடு" என்ற சொல்லுக்குச் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டவன். சில வேளைகளிலே, சும்மா பக்கத்து சீட்டிலே உட்கார்ந்திருந்தவன். இவர்களிலே குற்றவாளியும் இருக்கலாம், ஒன்றும் அறியாதவனும் இருக்கலாம். இருவரையும் பிரித்துக் காட்டவேண்டிய இடம் கோர்ட்டு. பிரித்துக் காட்ட உதவுகிறவர் வக்கீல். வக்கீல் இல்லாத இடத்திலே இருவரும் ஒரே தராசிலே நிறுக்கப்படுகிறார்கள்.

அந்தத் தராசு எத்தகையது என்று தெரியவேண்டாமா?

போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னே இருந்தவை வெள்ளையர் காலத்து அபின் சட்டங்களும், 1930-ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டமும். 1989-ல் புதிய சட்டம் இன்னும் இறுக்கப்பட்டு, ஜாமீனுக்குக் குறுக்கே பெருஞ்சுவர் எழுப்பப்பட்டது. 2001-ல்தான் சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று தண்டனை படிப்படியாகப் பிரிக்கப்பட்டது. அதன் பின், வழக்கிலே மனிதனைவிட எடைதான் பெரிது என்றாகிவிட்டது.

கணக்கைக் கேளுங்கள். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாயிருந்தால் சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. ஹெராயினுக்கு அந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக அளவு என்றாலோ குறைந்தபட்சமே 10 ஆண்டு, 20 ஆண்டு வரையிலும் போகலாம். அபராதமும் 1 லட்சத்துக்குக் குறையாது. நீதிபதி இரக்கப்பட்டாலும் அந்தப் பத்தாண்டிலே ஒரு நாளைக் குறைக்க அவருக்கு அதிகாரமில்லை.

ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு வருகிற ஒரு லாரியை எடுத்துக்காட்டுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளுக்கு நடுவே கஞ்சா கிடைக்கிறது. எடை 19 கிலோ என்றால் கிளீனருக்குச் சாதாரணச் சட்டப்படி ஜாமீன் கேட்கலாம். எடை 21 கிலோ என்றால் 37-வது பிரிவு வந்து நிற்கிறது. "இவன் குற்றமற்றவன் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்யமாட்டான்" என்று கோர்ட்டுக்கே மனநிறைவு ஏற்பட்டால்தான் ஜாமீன். விசாரணை தொடங்குவதற்கு முன்பே, விசாரணையின் முடிவிலே சொல்லவேண்டியதைச் சொல்லச் சொல்கிறது சட்டம்! இரண்டு கிலோ வித்தியாசத்திலே ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வு தொங்குகிறது.

அப்படியானால் எதை நிறுத்தார்கள், எப்படி நிறுத்தார்கள் என்று கேட்பது குதர்க்கமா? சட்டத்தின் சொற்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. அந்த நுனி சேராத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகா. செடியை வேரோடு பிடுங்கி, தண்டும் இலையும் மண்ணும் சேர்த்துத் தராசிலே போட்டு, "21 கிலோ" என்று எழுதினால், அதை எதிர்த்துக் கேட்க ஒரு குரல் வேண்டும். இந்தக் கேள்வி எல்லாப் பொருளுக்கும் உதவாது. ஹெராயின் போன்றவற்றிலே கலந்த மாவையும் சேர்த்தே மொத்த எடை பார்க்கப்படும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. எது செல்லும், எது செல்லாது என்று தெரிந்து பேசத்தான் வக்கீல்.

எடையோடு முடியவில்லை. வேறு வழக்குகளிலே குற்றத்தைச் சர்க்கார் நிரூபிக்கவேண்டும். இந்தச் சட்டத்தின் 35-வது, 54-வது பிரிவுகள் அந்த முறையைப் புரட்டிப் போடுகின்றன. பொருள் உன் கையிலே இருந்ததா? அப்படியானால் அறிந்தே வைத்திருந்தாய் என்று கோர்ட்டு கொள்ளும். அறியவில்லை என்பதை நீதான் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கவேண்டும். படித்தவனுக்கே மூச்சு முட்டுகிற பாரம் இது. லாரி ரசீதைப் படிக்கத் தெரியாதவன் தோளிலே இதை ஏற்றினால் என்ன ஆவான்?

இந்தப் பிரிவுகள் செல்லும் என்றுதான் 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டது. பொருள் இவன் வசம் இருந்தது, அது முறைப்படி கைப்பற்றப்பட்டது என்ற அடிப்படைச் செய்திகளை முதலிலே சர்க்கார் தரப்பு நிரூபிக்கவேண்டும். அதன் பிறகே பாரம் எதிரியின் தோளுக்கு மாறும். தண்டனை கடுமையாகக் கடுமையாக, சான்றும் கடுமையாகவேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நமது கட்சியும் அதுதான்.

சட்டத்தை எழுதியவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். அதிகாரியின் கையிலே இத்தனை பெரிய வாளைக் கொடுத்தவர்கள், அந்தக் கைக்குச் சில கட்டுகளையும் போட்டார்கள். தகவல் வந்தால் எழுதிவைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பவேண்டும் என்பது 42-வது பிரிவு. கைது செய்த காரணத்தைக் கைதியிடம் சொல்லவேண்டும் என்பது 52-வது பிரிவு. கைதும் கைப்பற்றலும் பற்றி 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கை தரவேண்டும் என்பது 57-வது பிரிவு. வாளைத் தூக்கும்போது சட்டம் பேசுகிறவர்கள், இந்தக் கட்டுகளை நினைவூட்டினால் மட்டும் "ஓட்டை தேடுகிறாயா?" என்று சீறுவது ஏன்? இவை சட்டத்தின் ஓட்டைகள் அல்ல, சட்டமே இவைதான்!

50-வது பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஒருவனுடைய உடலைச் சோதிக்கப் போகும்போது, "கெஜட்டட் அதிகாரி ஒருவர் முன்னிலையிலோ மாஜிஸ்டிரேட் முன்னிலையிலோ சோதிக்கும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று அவனிடம் சொல்லவேண்டும். 1999-ல் பல்தேவ் சிங் வழக்கிலும், மறுபடி 2010-லும், ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இதை வலியுறுத்தியிருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்கவேண்டும் என்பதும் அதே பிரிவு. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தப் பாதுகாப்பு உடலைச் சோதிப்பதற்கு மட்டும்தான். பைக்கும் பெட்டிக்கும் லாரிக்கும் அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகக் கூறியிருக்கிறது. "50-வது பிரிவை வைத்து வெளியே எடுத்துவிடுகிறேன், பணத்தைக் கொடு" என்று ஏழையின் தாலியை அடகு வைக்கச் சொல்லும் தரகர்களிடம் ஏமாறவேண்டாம்.

அடுத்தது வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. ஆனால் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள், "நாங்கள் போலீஸ் அல்ல" என்று சொல்லி, 67-வது பிரிவின் கீழ் எழுதி வாங்கிய வாக்குமூலங்களைக் கோர்ட்டிலே நீட்டி வந்தார்கள். அறைக்குள்ளே அதிகாரியும் கைதியும் மட்டும். வெளியே வரும்போது கையெழுத்தோடு ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் பலத்தில் அவன் சிறைக்கு, அதிலே பெயர் கண்ட இன்னொருவனும் அவன் பின்னாலே!

இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. தூபான் சிங் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். 2020 அக்டோபர் 29-ல் சுப்ரீம் கோர்ட்டிலே மூன்று நீதிபதிகளில் இருவர், இந்தச் சட்டத்தின்படி புலன் விசாரிக்கும் அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே, அவர்களிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோகிண்டன் நாரிமன். வெற்றுக் காகிதத்திலே கையெழுத்துப் போட்டுவிட்டு விதியை நொந்து கிடந்தவனுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கைத்தடி. ஆனால் தடி இருப்பது தெரிந்தால்தானே ஊன்றலாம்?

பிறகு மாதிரி எடுக்கும் விவகாரம். பிடித்த இடத்திலே இருந்த பொருளும், ரசாயனப் பரிசோதனைக்குப் போன பொருளும் ஒன்றுதானா? இதற்காகத்தான் 52-ஏ பிரிவு. பட்டியல் தயாரித்து, மாஜிஸ்டிரேட் முன்னிலையிலே மாதிரி எடுத்து, அவர் சான்று பெறவேண்டும். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தியது. 2022-ல் மத்திய சர்க்கார் இதற்கென விதிகளே வெளியிட்டது. ஆயினும் இந்தப் பிரிவை மீறியது ஒன்றினாலேயே வழக்கு விழுந்துவிடாது, மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று 2025-ல் அதே கோர்ட்டு கூறியுள்ளது. ஆகவே, முத்திரை எங்கே வைத்தார்கள், எவர் காவலில் இருந்தது, எந்த நாளிலே பரிசோதனைச் சாலைக்குப் போனது என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்கிற பொறுமை எதிர்வாதத்துக்கு வேண்டும். மேடைப் பேச்சு அங்கே உதவாது.

"இப்படியெல்லாம் தோண்டித் துருவினால் உண்மைக் குற்றவாளியும் தப்பிவிடுவானே?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்கிறோம். சில வழக்குகளிலே தப்பக்கூடும். ஆனால் அவனைத் தப்பவிட்டவர் யார்? சட்டம் சொன்ன நான்கு காரியங்களைச் செய்யாத அதிகாரியா, செய்யவில்லை என்று எடுத்துக் காட்டிய வக்கீலா? முறைப்படி பிடித்து, முறைப்படி எழுதி, முறைப்படி முத்திரையிட்ட வழக்கு எந்தக் குறுக்கு விசாரணைக்கும் அஞ்சவேண்டியதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். நடைமுறைப் பிழையிலே நுழைந்து வெளியே வரும் வசதி பணக்கார வியாபாரிக்கு எப்போதும் உண்டு. அவனுக்குப் பெரிய வக்கீல் இருக்கிறார். அதே பிழை கிளீனர் வழக்கிலே நடந்தால் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. நாம் ஏழைக்கு வக்கீல் கேட்பது புது ஓட்டை போடுவதற்காக அல்ல. பணக்காரனுக்குத் திறக்கிற கதவு ஏழைக்கும் திறக்கட்டும் என்பதற்காக.

மேலும், விடுதலையாவது எப்போது? தில்லியிலே ஒரு வழக்கு. 2015-ல் கைதானபோது அந்த இளைஞனுக்கு வயது 23. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அவனுக்கு ஜாமீன் கொடுத்தபோது, 7 ஆண்டுக்கு மேல் சிறையிலே கழிந்துவிட்டது. விசாரணை அப்போதும் முடியவில்லை. அளவு கடந்த தாமதம் ஏற்பட்டால் 37-வது பிரிவு ஜாமீனுக்குத் தடையாகாது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை தரத்தக்க வழக்குகளிலே 5 ஆண்டு சிறையிருந்த விசாரணைக் கைதிகளை ஜாமீனில் விட 1994-லேயே சுப்ரீம் கோர்ட்டு வழி சொன்னது. நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் ஐந்தாண்டுக்குப் பிறகு கிடைக்கிற நீதியிலே பாதி, வீட்டார் பசியிலே கரைந்துவிடுகிறது.

நம் மாநிலத்திலே இன்னொரு பூட்டும் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம் போதைப்பொருள் குற்றவாளி எனப்படுவோரையும் சேர்த்துக்கொள்கிறது. விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்துவைக்கலாம். அதை உடைக்க ஐகோர்ட்டிலே ஆட்கொணர்வு மனு போடவேண்டும். அதற்கும் வக்கீல்தான் வேண்டும்.

வக்கீலுக்குப் பணம்? இங்கேதான் தோழர்கள் அறியவேண்டிய முக்கியச் செய்தி. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். இலவச வக்கீல் பெற உரிமையுள்ளவர்கள் பட்டியலிலே பெண்கள் உண்டு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளி உண்டு. காவலிலே இருக்கும் எவரும் உண்டு. கைதியாக இருப்பதே போதுமான தகுதி! கேட்காவிட்டாலும் கொடுக்கவேண்டும், கொடுக்காமல் நடந்த விசாரணையின் தண்டனை நிற்காது என்று 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100. கட்சி அலுவலகச் சுவரிலே தலைவர் படத்துக்குப் பக்கத்திலே இந்த எண்ணையும் எழுதிவையுங்கள்.

இனி, கிளைத் தோழர்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறோம்.

ஒருவர் கைதானார் என்று தெரிந்தால், எந்த இடத்திலே, எத்தனை மணிக்கு, யார் யார் முன்னிலையிலே என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-வது விதி. அங்கே குடும்பத்தாரும் வக்கீலும் இருக்கச் செய்யுங்கள். அடிபட்டிருந்தால் அதை அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். வெற்றுக் காகிதத்திலே கையெழுத்து வேண்டாம். லாரி ரசீது, டிரிப் ஷீட், சுங்கச்சாவடிச் சீட்டு, சரக்கு ஏற்றிய இடத்தின் விவரம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்கவேண்டிய தொழிலாளிக்கு இவைதான் சாட்சிகள். டீக்கடை காமிராவிலும் சாவடிக் காமிராவிலும் உள்ள படம் சில நாளிலே அழிந்துவிடக்கூடும். அதைப் பாதுகாக்கும்படி வக்கீல் மூலம் உடனே மனுக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றுவதையும் படம் பிடிக்கச் சொல்கிறது. அந்தப் படம் எங்கே என்று கேட்க வக்கீலிடம் சொல்லுங்கள். வணிக அளவு வழக்கிலே 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவேண்டும். கோர்ட்டு காலத்தை நீட்டாதபோது அது வராமற்போனால் ஜாமீன் உரிமையாகிறது. நாளை எண்ணிக்கொண்டே இருங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லவேண்டும். காவல் நிலையத்தை முற்றுகையிடாதீர்கள். சாட்சியைக் கலைக்காதீர்கள். பொய்ச் சாட்சி தயாரிக்காதீர்கள். கட்சிச் சீட்டைக் காட்டி விற்பவனைக் காப்பாற்ற நினைப்பவன் கட்சிக்காரன் அல்ல. நாம் கேட்பது நியாயமான விசாரணை. அதற்குமேல் ஒரு சலுகையும் வேண்டாம்.

பழக்கத்துக்கு அடிமையாகிப்போன தோழனும் நம்மிடையே உண்டு. அவனுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தன் உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கிலே சிக்கியவன், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலே சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியிலே விட்டால் விலக்கும் போய்விடும். அவனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது, அவனைக் கண்டு முகம் சுளிப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்ல கட்சிப்பணி.

சர்க்காருக்கும் சொல்கிறோம். 27-ஏ பிரிவு இந்த வாணிபத்துக்குப் பணம் போடுகிறவனுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை சிறை என்கிறது. எய்தவனைத் தேடிப்போக எழுதப்பட்ட பிரிவு அது. அம்பைப் பிடித்ததோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். காரணமின்றிச் சோதித்துத் துன்புறுத்தும் அதிகாரிக்கு 58-வது பிரிவிலே 6 மாதம் வரை சிறை உண்டு. அதுவும் ஏட்டிலே கிடப்பதற்காக எழுதப்பட்டதல்ல. கைதான முதல் மணியிலேயே காவல் நிலையத்துக்கு இலவச வக்கீல் வரட்டும். பரிசோதனைச் சாலைகளுக்கு ஆளும் கருவியும் கொடுங்கள். தனி நீதிமன்றங்களைப் பெருக்குங்கள். குற்றவாளிக்கு விரைவிலே தண்டனையும், குற்றமற்றவனுக்கு விரைவிலே விடுதலையும் கிடைக்க இதுவே வழி.

போதையை ஒழிக்கும் போரிலே நாம் சர்க்காருக்குப் பின்வாங்கியவர்கள் அல்ல. அந்தப் போரிலே, அறியாமல் மூட்டை தூக்கியவனைப் பலி கொடுத்து, அறிந்து பணம் போட்டவனைத் தப்பவிடும் கணக்கைத்தான் எதிர்க்கிறோம். குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டனை வரட்டும். நிரூபிக்கும் வரை அவன் நம் தோழன். அவன் பக்கத்திலே ஒரு வக்கீல் நிற்கவேண்டும், அந்த வக்கீலை அழைத்து வருகிறவர்கள் நாமாக இருக்கவேண்டும்.